பனிச்சிறுத்தை வாழும் ஊருக்குப் போவது எப்படி: ஸ்பிதி, கிப்பர் வழிகாட்டி

முதுமலைக்கோ பந்திப்பூருக்கோ போய்ப் பழகியவர்களுக்கு இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் உள்ள கிப்பர் வனவிலங்குச் சரணாலயம் முதலில் குழப்பத்தைத்தான் தரும். அங்கே வாசல் கிடையாது, டிக்கெட் கவுண்டர் கிடையாது, காலையில் கிளம்பும் சஃபாரி வண்டியும் கிடையாது. மரம்கூடக் கண்ணில் படாது. மண் நிறத்தில் மலை, நடுவே ஆழமான பிளவு, விளிம்பில் வெள்ளையடித்த மண் வீடுகள். எங்கே சரணாலயம் என்று கேட்டால், நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றிக் கையை ஒரு சுழற்று சுழற்றிக் காட்டுவார்கள். 1992இல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயத்தின் பரப்பு சுமார் 2,220 சதுர கிலோமீட்டர். அதற்குள்தான் ஊர்கள் இருக்கின்றன, பட்டாணி வயல்கள் இருக்கின்றன, யாக்குகளும் ஆடுகளும் மேய்கின்றன. அதே சரிவுகளில்தான் பனிச்சிறுத்தையும் ஓநாயும் நடமாடுகின்றன.

அதனால் இந்தப் பயணத்தைத் திட்டமிடும்போது ஒரு விஷயத்தை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நீங்கள் போவது ஓர் ஊருக்கு. விலங்குகளைப் பார்ப்பதும் பார்க்காமல் திரும்புவதும் அந்த ஊர்க்காரர்களோடு எத்தனை நாள் நிதானமாகத் தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 'ஒரே வாரத்தில் ஸ்பிதி முழுவதும்' என்று விற்கப்படும் சுற்றுலாத் திட்டங்களில் கிப்பருக்குக் கிடைப்பது போட்டோ எடுக்க அரைமணி நேரம்தான். அதற்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

எந்த மாதம்?

இதை முடிவு செய்யாமல் விமான டிக்கெட் எடுக்காதீர்கள். எந்த வழியாகப் போவது, என்ன உடை, எவ்வளவு செலவு, எந்த விலங்கு என எல்லாமே மாதத்தைப் பொறுத்து மாறும்.

முதல்முறை இமயமலைக்குப் போகிறவர்கள், குடும்பத்தோடு போகிறவர்கள், குளிர் தாங்குமா என்ற சந்தேகம் உள்ளவர்கள் ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள் போகலாம். அதிலும் என் தேர்வு செப்டம்பர். ஸ்பிதி மழை மறைவுப் பிரதேசம் என்பதால் ஜூலை, ஆகஸ்டில் அங்கே பெரிய மழை இருக்காது. ஆனால் அங்கே போய்ச் சேர நீங்கள் கடக்க வேண்டிய கின்னோரிலும் குல்லுவிலும் பருவமழை அடித்துப் பெய்யும், மலைச்சரிவு விழுந்து ரோடு அடைபடும். செப்டம்பர் நடுவில் அந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும். வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும், பார்லி அறுவடை நடக்கும், ஆற்றங்கரை மரங்கள் மஞ்சளாகத் தொடங்கும். இந்த மாதங்களில் பரல் என்ற சாம்பல் நிறக் காட்டாடுகளைப் பார்க்கலாம். பின் (Pin) என்ற ஆறு ஓடும் பள்ளத்தாக்குப் பக்கம் ஐபெக்ஸ் காட்டாடுகளைப் பார்க்கலாம். செந்நரி, பாறு கழுகுகள், பொன்னிறக் கழுகு எல்லாம் கிடைக்கும். பனிச்சிறுத்தையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஆடுகள் புல்லைத் தேடி உச்சிக்கு ஏறிவிடும், அதுவும் பின்னாலேயே போய்விடும்.

பனிச்சிறுத்தைக்காகவே போகிறீர்கள் என்றால் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரைதான். உயரத்தில் பனி மூடியதும் பரல் கூட்டங்கள் ஊருக்குப் பக்கத்துச் சரிவுகளுக்கு இறங்கி வரும். பனிச்சிறுத்தைகள் இணை சேரும் காலமும் அதுவே என்பதால் அவை அதிகம் நடமாடும், குரல் கொடுக்கும். ஆனால் இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி வரை போகலாம். குழாயில் தண்ணீர் வராது. ரோடு எந்த நாளும் மூடலாம். வயதானவர்களையும் சின்னக் குழந்தைகளையும் இந்த மாதங்களில் அழைத்துப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் வெளியான முதல் தேசியக் கணக்கெடுப்பு இந்தியா முழுவதும் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாக மதிப்பிட்டது. அதில் 477 லடாக்கில், 51 இமாச்சலத்தில். இவ்வளவு பெரிய மலைப்பரப்பில் இவ்வளவு குறைவாக இருக்கும் விலங்கைப் பார்க்க வாய்ப்பு என்று ஒன்று கிடைக்கிறதென்றால், அதற்கு அந்த ஊர்க்காரர்களின் கண்கள்தான் காரணம்.

எந்த வழி?

ஸ்பிதியின் தலைமையிடம் காசா. அங்கே போக இரண்டு வழிகள்.

ஒன்று, சிம்லா வழி. சென்னையிலிருந்து சண்டிகருக்கோ டெல்லிக்கோ விமானத்தில் போய், அங்கிருந்து சிம்லா, பிறகு ராம்பூர், ரெக்காங் பியோ, நாக்கோ, சும்டோ, தாபோ, காசா. நேரம் அதிகம் பிடிக்கும். சட்லெஜ் ஆற்றின் மேல் பாறையைக் குடைந்து போட்ட ரோட்டில் மணிக்கணக்காகப் போக வேண்டும். ஆனால் வருடம் முழுவதும் பெரும்பாலும் திறந்திருக்கும் வழி இதுதான். குளிர்காலத்தில் இதைத் தவிர வேறு வழியே கிடையாது.

இரண்டாவது, மணாலி வழி. 2020 அக்டோபரில் திறந்த ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கத்தைத் தாண்டி, கிராம்பூவில் பிரிந்து, சத்ரு, பாதல் வழியாகக் குன்சும் கணவாய் ஏறி லோசரில் இறங்கி காசா. சுமார் 200 கிலோமீட்டர்தான். ஆனால் கிராம்பூவுக்கு அப்பால் பாறையும் ஓடை நீரும் கலந்த பாதை, ஒரு முழுப்பகல் ஆகும். கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். ஜூன் வாக்கில் திறந்து, பனி விழத் தொடங்கியதும் மூடிவிடுவார்கள்.

தூரம் குறைவு என்று எல்லோரும் மணாலி வழியாக நுழையத்தான் ஆசைப்படுவார்கள். வேண்டாம். சிம்லா வழியாக நுழையுங்கள், மணாலி வழியாக வெளியேறுங்கள். காரணம் உயரம். மணாலி சுமார் 2,000 மீட்டர். அங்கே காலையில் கிளம்புகிறவர் மதியம் 4,500 மீட்டரைத் தாண்டி, இரவு 3,600 மீட்டருக்கு மேல் உள்ள காசாவில் படுக்கிறார். உடம்புக்குப் பழக நேரமே இல்லை. காசாவில் வந்து இறங்கிய முதல் இரவே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இந்த வழியாக ஒரே நாளில் வந்தவர்கள்.

பேருந்தில் போக விரும்பினால் இமாச்சல அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்து ரெக்காங் பியோவிலிருந்து காசாவுக்கு அதிகாலையில் கிளம்புகிறது. முந்தின நாளே பியோ பேருந்து நிலையத்தில் நேரத்தை விசாரித்து, டிக்கெட் முன்கூட்டித் தருகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். காசாவிலிருந்து கிப்பருக்கு சுமார் 20 கிலோமீட்டர். மாலையில் ஊர்க்காரர்கள் அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டரோடு ஏறும் பேருந்து ஒன்று உண்டு. வழியில் தெரிந்தவர் கை காட்டினால் நிற்கும். அவசரம் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல அறிமுகம் கிடையாது.

சொந்த வண்டியிலோ வாடகை பைக்கிலோ போகிறவர்கள் பெட்ரோலைக் கவனியுங்கள். சிம்லா வழியில் ரெக்காங் பியோவுக்குக் கீழே உள்ள போவாரியில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், மணாலி வழியில் மணாலியிலேயே. அதன் பிறகு காசாவில்தான்.

இந்தியர்களுக்கு ஸ்பிதி போக உள்கோட்டு அனுமதி (இன்னர் லைன் பெர்மிட், எல்லைப் பகுதிக்குள் போக அரசு தரும் அனுமதி) தேவையில்லை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா என எந்த நாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், சிம்லா வழியில் கின்னோரின் எல்லைப் பகுதியைக் கடக்க அந்த அனுமதி வேண்டும். ரெக்காங் பியோவில் வாங்கலாம். அலுவலகம் திறக்கும் வேலை நாளில் அங்கே இருக்கும்படி திட்டமிடுங்கள். இந்தியர்களும் ஆதார் அட்டையைக் கையோடு வைத்திருங்கள், சோதனைச் சாவடியில் கேட்பார்கள்.

ஏறும் கணக்கு

இந்தப் பயணத்தில் தவறக் கூடாத பகுதி இது. எங்கே மிச்சப்படுத்தினாலும் இங்கே நாட்களை மிச்சப்படுத்தாதீர்கள்.

தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். கிப்பரில் வீடுகள் இருக்கும் இடமே அதைவிட ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில், சுமார் 4,200 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறையும். நீங்கள் தினமும் ஓடுகிறவரா, ஜிம்முக்குப் போகிறவரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. திடகாத்திரமான இளைஞர் படுத்துவிடுவார், அவருடைய அம்மா தெம்பாக நடமாடுவார். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பொதுவான விதி இது: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. ஒவ்வொரு மூன்று நான்கு நாளுக்கும் ஒருநாள் ஏறாமல் இருக்க வேண்டும். பகலில் அதிக உயரத்துக்குப் போய் வரலாம், படுப்பது கீழே இருக்க வேண்டும்.

இதை சிம்லா வழியில் பொருத்திப் பாருங்கள். முதல் இரவு சிம்லா, சுமார் 2,200 மீட்டர். அடுத்து ரெக்காங் பியோவுக்கு மேலே உள்ள கல்பா, 2,900 சொச்சம். அங்கே இரண்டு இரவுகள் தங்குங்கள். கின்னோர் கைலாஷ் சிகரம் எதிரே நிற்கும், வீணான நாளாகத் தோன்றாது. அதற்கடுத்து தாபோ, சுமார் 3,280. வழியில் நாக்கோ ஏரியைப் பார்த்துவிட்டு வாருங்கள், ஆனால் அங்கே தங்க வேண்டாம். நாக்கோ தாபோவைவிட உயரம். தாபோவில் 996ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மண் மடாலயம் இருக்கிறது. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. இருட்டுக்குக் கண் பழகும்வரை ஓரமாக உட்கார்ந்தால் சுவரோவியங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கி வரும். பிறகு காசாவில் குறைந்தது இரண்டு இரவுகள். பகலில் கீ மடாலயத்துக்கோ, தொல்லுயிர்ப் படிமங்கள் கிடைக்கும் லாங்சாவுக்கோ போய்விட்டு இரவுக்கு காசா திரும்பிவிடுங்கள். கடைசி ஏற்றம் 500 மீட்டரைச் சற்றே தாண்டும், அதற்காகத்தான் காசாவில் இந்த இரண்டு இரவுகள். அதன் பிறகுதான் கிப்பர்.

டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அசிட்டசோலமைடு என்பது அதன் மருந்துப் பெயர். உடம்பு உயரத்துக்குப் பழகுவதை அது வேகப்படுத்தும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லாம் தாமாக எடுக்கக் கூடாது. ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் கேட்டு, அளவை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் வேகமாக ஏறுவது தவறு.

தலைவலி, பசியின்மை, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். இவை வந்தால் அன்றைக்கு மேலே ஏறாதீர்கள். தண்ணீரும் சூப்பும் குடித்துவிட்டு ஓய்வெடுங்கள், மதுவைத் தொடாதீர்கள். மறுநாள் சரியானால் போகலாம். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலோடு நெஞ்சில் கரகரப்பு கேட்டாலோ, நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, அது உயிருக்கு ஆபத்து. நடு இரவாக இருந்தாலும் வண்டி பிடித்துக் கீழே இறங்கியாக வேண்டும். காசாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கூட வந்தவர் "ஒன்றுமில்லை, தூங்கினால் சரியாகிவிடும்" என்று சொன்னால் அதைக் கேட்காதீர்கள். மூளை பாதிக்கப்பட்டவருக்குத் தனக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது.

எங்கே தங்குவது?

காசாவில் ஓட்டல்கள் உண்டு. கிப்பரிலும் பிளவுக்கு எதிர்ப்பக்கத்து ஊரான சிச்சமிலும் வீட்டுத் தங்கல்தான். அதாவது ஒரு குடும்பம் தன் வீட்டில் ஓர் அறையைக் கொடுத்து, தாங்கள் சாப்பிடுவதையே உங்களுக்கும் தருவது.

குளிர்காலத்தில் வாழ்க்கை முழுவதும் ஒரே அறையில் நடக்கும். நடுவில் தகரத்தாலான தந்தூர் அடுப்பு, அதிலிருந்து கூரையைத் துளைத்துப் போகும் புகைக்குழாய், சுவரோரமாகக் கம்பளம் விரித்த தாழ்வான இருக்கைகள், முன்னால் வண்ணம் தீட்டிய குட்டை மேசைகள். அடுப்புக்கு விறகும் சாண வறட்டியும் போடுவார்கள். மேலே எப்போதும் ஒரு பாத்திரத்தில் பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கும். குடிக்கவும் சமைக்கவும் கை கழுவவும் அதுதான் தண்ணீர். யாரோ ஒருவர் பனியில் நடந்து போய்க் கொண்டுவந்தது. ஒரு சொம்பில் முடியும் வேலைக்கு ஒரு வாளி கேட்காதீர்கள். குளியலை காசா திரும்பும்வரை தள்ளிப்போடலாம்.

கழிப்பறை உலர் கழிப்பறை. மேல்தளத்தில் மண் தரை, நடுவில் ஒரு துளை, மூலையில் மண்ணும் சாம்பலும் குவித்து ஒரு மண்வாரி. வேலை முடிந்ததும் இரண்டு வாரு மண்ணைத் துளையில் தள்ள வேண்டும், அவ்வளவுதான். கீழே சேர்வது மக்கி, வசந்தத்தில் வயலுக்கு உரமாகப் போகும். அதனால் ஈரத் துடைப்பான், சானிட்டரி நாப்கின், பிளாஸ்டிக் எதையும் அதற்குள் போடக் கூடாது. நாளை யாரோ கையால் அள்ளப்போகும் உரம் அது. நம் பழக்கப்படி தண்ணீர் வேண்டும் என்பவர்கள் சின்ன பாட்டிலில் வெந்நீர் கொண்டுபோகலாம், ஆனால் அதிகம் ஊற்றாதீர்கள். ஈரம் கூடினால் மக்காது, குளிரில் உறைந்து பாறையாகிவிடும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும் எல்லா வீட்டிலும் கிடைக்கும், சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சிரமமில்லை. ஆனால் தூக்பா என்ற நூடுல்ஸ் சூப், மோமோ, ஆவியில் வெந்த திங்மோ ரொட்டி, வறுத்த பார்லி மாவு, உப்பும் வெண்ணெயும் போட்ட டீ ஆகியவற்றை ஒதுக்காதீர்கள். வெண்ணெய் டீயை டீ என்று நினைத்துக் குடித்தால் முகம் சுளிக்கும். சூப் என்று நினைத்துக் குடியுங்கள், அந்தக் குளிரில் உடம்பு அதைக் கேட்டு வாங்கும். ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொஞ்சம் எடுத்துப் போனால் அந்த வீட்டாருக்கும் பரிமாறலாம்.

அங்கே வணக்கம், நன்றி, போய் வருகிறேன் எல்லாவற்றுக்கும் 'ஜூலே' என்ற ஒரே சொல் போதும். இந்தி தெரியாதவர்கள் ரோட்டோரக் கடைகளில் சமாளித்துவிடலாம், வீட்டுத் தங்கலில் இளையவர்களுக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும்.

பணம் ரொக்கமாக வேண்டும். காசாவில் ஏடிஎம் உண்டு, ஆனால் அதில் எப்போதும் பணம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். செல்போனுக்கு ஜியோ, பி.எஸ்.என்.எல். இரண்டில் ஒன்றாவது வைத்திருங்கள்.

விலங்கைப் பார்ப்பது

குளிர்காலத்தில் கிப்பரின் காலை இப்படித்தான் தொடங்கும். விடிவதற்கு முன்பே ஊர் இளைஞர்கள் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு பிளவின் விளிம்புகளுக்குப் பிரிந்து போவார்கள். கிப்பருக்கும் சிச்சமுக்கும் நடுவே உள்ள அந்தப் பிளவு ஆழமானது. 2017இல் சிச்சம் பாலம் திறக்கும்வரை, மக்கள் கம்பியில் தொங்கும் கூடையில்தான் இதைக் கடந்தார்கள். எதிர்ச்சரிவை அவர்கள் ஸ்கோப்பால் கோடு கோடாகத் துழாவுவார்கள். முதலில் மலையின் விளிம்புக்கோடு, பிறகு பாறைப் பொந்துகளின் வாய், பிறகு பனியில் புதிதாகப் பதிந்த தடம்.

உங்களிடம் ஸ்கோப் இல்லையென்றால் பரல் ஆடுகளைப் பாருங்கள். சாம்பல் நிற உடம்பு, ஆண்களுக்கு வெளிப்பக்கமாக வளைந்த கனத்த கொம்பு, காலின் முன்பக்கம் கறுப்புக் கோடு. அசையாமல் நின்றால் பாறைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. மேயும்போது கூட்டம் சிதறி, ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருக்கும். திடீரென்று அத்தனையும் தலையைத் தூக்கி ஒரே திசையை உற்றுப் பார்த்தால், நீங்களும் பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்புங்கள். அதில் ஒன்று சீறலாக ஒரு சத்தம் எழுப்பினால், அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள். அது ஓநாயாகவும் இருக்கலாம், ஊர் நாயாகவும் இருக்கலாம், பனிச்சிறுத்தையாகவும் இருக்கலாம். பனிச்சிறுத்தையின் உடம்பு பாறையோடு கலந்து மறைந்துவிடும். பெரும்பாலும் முதலில் தெரிவது அதன் வால்தான். உடம்பு நீளத்துக்குச் சற்றே குறைவான, தடித்த, நீண்ட வால்.

பாதையோரம் சரிந்து நிற்கும் பாறைகளின் அடிப்பக்கத்தையும் கவனியுங்கள். பனிச்சிறுத்தை அங்கே சிறுநீர் பீய்ச்சி எல்லை குறிக்கும், மண்ணைப் பின்னங்காலால் சுரண்டிக் குழி போடும். ஆராய்ச்சியாளர்கள் தானியங்கிக் கேமராக்களை வைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். அந்தக் கேமராவைக் கண்டால் தொடாமல் தாண்டிப் போங்கள்.

விலங்கு தெரிந்ததும் கூட்டம் கூடும். இங்கேதான் நம் பழக்கத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிளவின் இந்தப் பக்கத்திலிருந்தே பாருங்கள். இன்னும் நல்ல படம் வேண்டும் என்று எதிர்ச்சரிவுக்கு இறங்காதீர்கள், வழிகாட்டியை வற்புறுத்தாதீர்கள். இரையை அடித்து வைத்திருக்கும் பனிச்சிறுத்தையை விரட்டிவிட்டால், அது மறுபடி வேட்டையாட வேண்டும், அந்த வேட்டை ஊராரின் ஆடாகவும் இருக்கலாம். சரணாலயத்தில் டிரோன் பறக்கவிடக் கூடாது. கழுகும் ஆடும் அதைக் கண்டு மிரண்டு பாறை விளிம்புகளில் ஓடும்.

ஊர் வழிகாட்டியை அமர்த்தாமல் போகாதீர்கள். அந்தச் செலவு அதிகமாகத் தோன்றும், ஆனால் இதில் பேரம் பேச வேண்டாம் என்றே சொல்வேன். ஆட்டையும் யாக் கன்றையும் இழக்கும் ஊர் இது. பட்டிக்குள் பனிச்சிறுத்தை நுழைந்துவிட்டால் ஒரே இரவில் பல ஆடுகள் போய்விடும். அப்படியிருந்தும் கிப்பர் மக்கள் 1990களின் கடைசியில், மைசூருவைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையோடு சேர்ந்து, தங்கள் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டு ஆடுகளுக்கென்று ஒதுக்கி, கால்நடை மேய்ப்பதை நிறுத்தினார்கள். 2002இல் ஊராரே நடத்தும் கால்நடைக் காப்பீடு தொடங்கியது. ஒதுக்கிய நிலத்தில் பரல் ஆடுகள் பெருகின. நீங்கள் கொடுக்கும் தங்கல் கட்டணமும் வழிகாட்டிக் கூலியும் அந்த ஏற்பாட்டுக்குப் பக்கபலமாகச் சேர்கிறது. வெளியூர் ஏஜென்சியிடம் மொத்தமாகப் பணம் கட்டுகிறீர்கள் என்றால், அதில் ஊருக்கு எவ்வளவு போகிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தெருநாய்களுக்குச் சாப்பாடு போடாதீர்கள். கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் சுற்றுலாக் குப்பையில் பெருகிய நாய்க்கூட்டங்கள் ஆடுகளையும் கன்றுகளையும் கடித்துக் கொல்கின்றன, காட்டு விலங்குகளையும் துரத்துகின்றன.

பின் பள்ளத்தாக்கு

கோடையில் போகிறவர்கள் இரண்டு நாள் இதற்கு ஒதுக்கலாம். காசாவிலிருந்து தாபோ போகும் ரோட்டில் அட்டர்கு பாலத்தில் பிரிந்து, பின் ஆற்றோடு மேலேறினால், வண்டி போகும் கடைசி ஊர் முத். 1987இல் அமைக்கப்பட்ட பின் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா அதற்கு அப்பால். ஐபெக்ஸ் பார்க்க இதுதான் இடம். பூங்காவுக்குள் நடந்து போய்க் கூடாரம் போடுவதாக இருந்தால் காசாவில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இந்தப் பக்கம் பனிச்சரிவு அபாயம் அதிகம், திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

பையில் என்ன?

ஒரே ஒரு பெரிய கோட்டை நம்பாதீர்கள், அடுக்கடுக்காக உடுத்துங்கள். உடம்போடு ஒட்டும் தெர்மல், அதன் மேல் ஃபிளீஸ், அதன் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். குளிர்காலத்துக்கு இறகு திணித்த ஜாக்கெட்டும் வேண்டும். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், குளிரை இழுத்துக்கொண்டு வரும். கையுறை இரண்டு ஜோடி, காதை மூடும் கம்பளிக் குல்லா, கம்பளிக் காலுறை மூன்று ஜோடி. ஷூ ஒரு எண் பெரிதாக இருக்கட்டும், இறுக்கமான ஷூவில் ரத்தம் ஓடாமல் விரல் மரத்துப்போகும். பனிக்கட்டியில் நடக்க ஷூவில் மாட்டும் இரும்பு முள் பட்டை மணாலியிலும் சிம்லாவிலும் கிடைக்கும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் ஒரே நாளில் கண்ணைப் புண்ணாக்கிவிடும். சன்ஸ்கிரீன், உதட்டுக்கு லிப் பாம், மூக்குக்குள் தடவ வாசலின். அந்த வறண்ட காற்றில் மூக்கில் ரத்தம் கசிவது சகஜம், பயப்பட வேண்டாம்.

வெந்நீர் பிளாஸ்க் ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று. பிளாஸ்டிக் பாட்டில் வாங்கிக் குவிக்காதீர்கள், அங்கே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க இடமில்லை. நீங்கள் கொண்டுபோன உறை, பேட்டரி, நாப்கின் எல்லாவற்றையும் பையிலேயே திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

கேமரா பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கிவிடும். உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள், இரவில் போர்வைக்குள். வெளியிலிருந்து தந்தூர் அறைக்குள் நுழையும் முன்பே கேமராவைப் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள். சூடான காற்று பட்டால் லென்ஸுக்குள் நீர் படியும். அரைமணி கழித்துத் திறந்தால் போதும்.

திரும்பும் கணக்கு

விமானத்துக்கு முன்னால் இரண்டு நாளாவது சும்மா வையுங்கள், குளிர்காலத்தில் மூன்று நான்கு. பனி கொட்டினால் எல்லைச் சாலை அமைப்பின் எந்திரங்கள் வந்து ரோட்டைத் திறக்கும்வரை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடிய வகையில் எடுங்கள். அலுவலகத்தில் லீவு சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை காசா பேருந்து நிலையத்தில் எந்தப் பேருந்து ஓடுகிறது, எந்த இடத்தில் ரோடு அடைபட்டிருக்கிறது என்று கேளுங்கள். அன்று சும்டோ பக்கமிருந்து வந்த டிரைவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இருவரும் "நாளைக்கு வேண்டாம்" என்றால், வீட்டுத் தங்கலுக்குப் போன் செய்து இன்னொரு இரவுக்கு அறை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.